மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்த பிறகு எதில் சேர்வது?

பிளஸ் டூ முடிவு வெளியாகும் வரை, பிள்ளைக்கு எங்காவது இடம் கிடைக்குமா என்பதுதான் வீட்டில் பேச்சாக இருக்கும். ஜூன் மாதம் பிறந்ததும் அந்தப் பேச்சு மாறிவிடுகிறது. காரைக்குடியில் ஒன்று, தேவகோட்டையில் ஒன்று, பள்ளத்தூரிலோ புதுவயலிலோ இன்னொன்று என்று இரண்டு மூன்று கலை அறிவியல் கல்லூரிகளில் இடம் உறுதியாகிவிட்ட பிள்ளை, எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் நிற்கிறது. கல்லூரிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுடையவை. பாடத்திட்டமும் பெரும்பாலும் ஒன்றே. வாசலில் வளைவு, உள்ளே நிறுவனரின் சிலை, வேப்பமர நிழல் என்று பார்வைக்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கடைசியில் தோழி சேரும் கல்லூரியிலோ, முதலில் கட்டணம் கட்டச் சொல்லி நெருக்கிய கல்லூரியிலோ சேர்ந்துவிடுகிறார்கள்.

நான் இந்தப் பகுதிப் பள்ளி ஒன்றில் 26 ஆண்டுகள் வேதியியல் கற்பித்தேன். ஒவ்வொரு ஜூனிலும் மாணவர்கள் அட்மிஷன் தாள்களோடு என் வீட்டு முகப்பில் வந்து உட்காருவார்கள். மூன்றாண்டு கழித்து அவர்களே திரும்பி வந்து, அந்தத் தேர்வு எப்படி அமைந்தது என்றும் சொல்லுவார்கள். அவர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். ஒன்றுபோலத் தோன்றும் சிறிய கல்லூரிகளுக்கிடையே உள்ள வேறுபாடு துறைக்குள்தான் இருக்கிறது. ஒரே கல்லூரியில் தமிழ்த்துறை ஓங்கி நிற்கும், இயற்பியல் துறையில் பாடம் நடத்த ஆளிருக்காது; பக்கத்து ஊரில் அது தலைகீழாக இருக்கும். ஆகவே கல்லூரியின் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் பிள்ளை படிக்கப்போகும் அந்த ஒரு துறையை, பிள்ளை அங்கே கழிக்கப்போகும் மூன்று ஆண்டு நாள்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் அவகாசத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

நன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் சில நாள்கள் வேண்டும். அந்த நாள்களைப் பறிப்பது இரண்டு: முன்கூட்டியே கட்டிய பணம், முன்கூட்டியே கொடுத்த மூலச் சான்றிதழ்கள். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு டி.என்.காசா இணையதளத்தில் விண்ணப்பித்து, தரவரிசைப் பட்டியல் வந்து, கவுன்சலிங் பல கட்டங்களாக நடக்கும். தனியார் கல்லூரிகளோ அதற்கு முன்பே அழைத்துச் சேர்த்துக்கொள்கின்றன. இதனால் ஒரு பெற்றோர் தனியார் கல்லூரியில் பணம் கட்டிய பின் அரசுக் கல்லூரியிலிருந்து அழைப்பு வருவது ஆண்டுதோறும் நடக்கிறது. அப்போது 'கட்டிய பணம் போய்விடுமே' என்ற அச்சத்தாலேயே பலர் வந்த அழைப்பைத் தவறவிடுகிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவிக்கை இதற்கு விடை சொல்கிறது. சேர்க்கைக்கான கடைசி நாள் என்று முறையாக அறிவிக்கப்பட்ட நாளுக்கு 15 நாள்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், 5 சதவீதத்துக்கு, அதாவது அதிகபட்சம் 5,000 ரூபாய்க்கு, மிகாத செயல்முறைக் கட்டணம் போக முழுத்தொகையும் திரும்ப வேண்டும். அந்த 15 நாளுக்குள் விலகினால் 90 சதவீதமும், கடைசி நாள் கழிந்து 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதமும், 30 நாளுக்குள் என்றால் 50 சதவீதமும் திரும்பும். அதற்குப் பின் ஒன்றுமில்லை. அண்மை ஆண்டுகளில் மாணவருக்கு இதைவிடச் சாதகமான தேதிகளையும் குழு அறிவித்து வந்திருக்கிறது. ஆகவே அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் படித்துக்கொள்வது நல்லது. கட்டணம் கட்டும்போது, சேர்க்கையின் கடைசி நாள் எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அதே அறிவிக்கை, மாணவரின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக்கூடாது என்றும் சொல்கிறது. சரிபார்த்துவிட்டு, நகலைப் பெற்றுக்கொண்டு, மூலத்தைத் திருப்பித் தர வேண்டும். இது எழுத்தில் இருக்கிறது. நடைமுறையில் எல்லா இடத்திலும் இல்லை. என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் அவள் விரும்பிய கணிதமே கிடைத்தது. முதலில் சேர்ந்த கல்லூரி அலுவலகத்தில் 'முதல்வர் ஊரில் இல்லை, திங்கட்கிழமை வாருங்கள்' என்று சொல்லி மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் கொடுக்காமல் இரண்டு வாரம் இழுத்தார்கள். கவுன்சலிங் நாள் போய்விட்டது. அந்த விதியை அன்று நான் அறிந்திருந்தால் எழுத்து மூலமாகக் கேட்கச் சொல்லியிருப்பேன். அறியாமல் இருந்தது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

டி.சி. ஒன்றே ஒன்றுதான் இருக்கும். விதி என்னவாக இருந்தாலும், சேரும்போது அதைக் கேட்பதே நடைமுறை. ஆகவே முடிவு உறுதியாகும் வரை நகலைக் காட்டி இடத்தைப் பிடித்துவைக்க முடியுமா என்று கேளுங்கள். எதைக் கொடுத்தாலும் 'இன்ன தேதியில் இன்னின்ன சான்றிதழ் பெறப்பட்டது' என்று ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டத்தில் யார் பெயர், படிப்பின் பெயர் என்ன

செட்டிநாடு ஒரே நிலப்பகுதி என்று நாம் நினைக்கிறோம். ஆட்சி எல்லையோ அதன் குறுக்கே ஓடுகிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் எல்லாம் சிவகங்கை மாவட்டம். மேலைச்சிவபுரியும் பொன்னமராவதியும் புதுக்கோட்டை மாவட்டம். சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகள் 1985இல் தொடங்கிய அழகப்பா பல்கலைக்கழகத்தோடும், புதுக்கோட்டை மாவட்டக் கல்லூரிகள் 1982இல் தொடங்கிய திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடும் இணைவு பெற்றவை. ஆகவே பள்ளத்தூர் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரியிலும் மேலைச்சிவபுரி கணேசர் கலை அறிவியல் கல்லூரியிலும் ஒரே படிப்பில் இடம் பெற்ற பெண்ணுக்குக் கிடைக்கப்போகும் பட்டங்கள் இரு வேறு பல்கலைக்கழகங்களுடையவை. வேலைக்கும் மேற்படிப்புக்கும் இரண்டும் சம மதிப்புடையவைதான். ஆனால் பாடத்திட்டமும், தேர்வு நடக்கும் காலமும், முடிவு வெளியாகும் நாளும் வேறுபடும். இரு பல்கலைக்கழகங்களின் இணையதளத்திலும் அந்தப் பாடத்தின் பாடத்திட்டம் இருக்கிறது. இறக்கி, மூன்றாம் ஆண்டுத் தாள்களை அருகருகே வைத்துப் படியுங்கள். முதலாண்டு எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும், மூன்றாம் ஆண்டில்தான் வழி பிரியும்.

தன்னாட்சி பெற்ற கல்லூரியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்து, தானே வினாத்தாள் அமைத்துத் தேர்வு நடத்தும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். முடிவுகள் விரைவாக வருவதும், அரியர் தாள்களை எழுதி முடிப்பது எளிதாவதும் அதன் நன்மை. துறை வலுவாக இருந்தால் தன்னாட்சியால் பாடம் புதுமையாகும். துறை சோம்பியிருந்தால் வினாத்தாள் ஆண்டுதோறும் ஒன்றுபோலவே வரும். பழைய வினாத்தாள்கள் ஐந்தை வாங்கிப் பார்த்தால் எது என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது படிப்பின் பெயர். இதில் பெற்றோர் கவனம் செலுத்துவதே இல்லை. வணிகவியல், கணிதம், ஆங்கிலம் என்ற பழகிய பெயரோடு 'பயன்பாட்டு', 'கணினிப் பயன்பாட்டுடன்', 'சிறப்பு' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டு வரும்போது அது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் அரசு வேலைக்கோ ஆசிரியர் பணிக்கோ விண்ணப்பிக்கும் நாளில், அந்தப் பட்டம் மூலப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். பிள்ளை பி.எட். படித்து ஆசிரியராக நினைத்தால், சேரும் முன்பே அந்தப் பெயருக்கு இணைத்தன்மை அரசாணை உண்டா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். தெளிவான விடை இல்லையென்றால், ஒட்டுச் சொல் இல்லாத பெயருடைய படிப்பைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

பயிற்று மொழி அதைவிடப் பெரிய செய்தி. தமிழ் வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அது திருத்தப்பட்டு, பட்டம் மட்டுமல்லாமல் பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்றானது. பள்ளி முழுவதும் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை, டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதும் எண்ணம் உடையதாக இருந்தால், பட்டத்தை ஆங்கில வழியில் படிக்கும்போது அந்த முன்னுரிமையை இழந்துவிடுகிறது. அரசுக் கல்லூரிகளில் பல பாடங்களுக்குத் தமிழ் வழிப் பிரிவு, ஆங்கில வழிப் பிரிவு இரண்டும் உண்டு. சுயநிதிக் கல்லூரிகளில் பெரும்பாலும் ஆங்கில வழியே. மறுபுறம், வெளிமாநிலத்தில் முதுகலை படிக்கவோ ஆய்வுக்குச் செல்லவோ விரும்பும் பிள்ளைக்கு ஆங்கில வழியே உதவும். ஒரே கல்லூரியின் இரு பிரிவுகளுக்கிடையே கூட இந்த ஒன்றே முடிவைத் தீர்மானிக்கக் கூடியது. இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். விண்ணப்பத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் குறியிட்டுவிட்டு மறந்துபோகாதீர்கள்.

துறைக்குள் போய்ப் பார்ப்பது

போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு என் தம்பி மகளுக்கு பி.எஸ்சி. வேதியியலில் இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. 'ரெண்டும் ஒண்ணுதானே அத்தை, பக்கத்துல இருக்கறதுலயே சேர்ந்துடறேன்' என்றாள். சேர்வதற்கு முன் ஒரு நாள் என்னோடு வா என்று இரண்டுக்கும் அழைத்துப் போனேன்.

முதல் கல்லூரியில் ஆய்வகம் புதியது. மேசைகளில் கறை இல்லை. அழகாகவே இருந்தது. இரண்டாவதில் மேசை முழுவதும் பழைய அமிலக் கறை, பெர்மாங்கனேட்டின் பழுப்பு. இரண்டிலும் மூன்றாம் ஆண்டு மாணவியரின் ரெக்கார்டு நோட்டைக் காட்டச் சொன்னேன். முதல் கல்லூரியில் நான்கு நோட்டுகளைப் பார்த்தேன். ஒரே சோதனையில் நான்கு பேருடைய ப்யூரெட் அளவீடும் தசம இடம் வரை ஒன்றாக இருந்தது. நான்கு பேர் தனித்தனியே டைட்ரேஷன் செய்தால் அப்படி வரவே வராது. ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்து எழுதியிருக்கிறார்கள், அல்லது யாருமே செய்யவில்லை. இரண்டாவதில் ஒவ்வொரு நோட்டிலும் அளவீடு சற்றே வேறாக இருந்தது. ஒரு நோட்டில் ஆசிரியர் சிவப்பு மையில் 'மீண்டும் செய்க' என்று எழுதி, கீழே மறு தேதியிட்டு அந்தப் பெண் மறுபடியும் செய்திருந்தாள். தம்பி மகளுக்கு நான் வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேதியியலுக்கு ரெக்கார்டு நோட்டு என்றால், ஒவ்வொரு பாடத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. வணிகவியலில் மாணவரின் கணக்கு நோட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் துறை நடத்திய கருத்தரங்கில் மாணவர் வாசித்த கட்டுரை, கணினி அறிவியலில் மாணவர் செய்த திட்டப்பணியின் நிரல், வரலாற்றில் களப்பயணக் குறிப்பு. மாணவர் கையால் செய்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். துறைத் தலைவர் மகிழ்ந்து எடுத்துக் காட்டினால் அது ஒரு நல்ல அறிகுறி.

போவதற்கு முன் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. நாக் என்ற தேசியத் தரமதிப்பீட்டு அமைப்பின் மதிப்பீட்டைப் பெற்ற கல்லூரி ஒவ்வோராண்டும் தன் தர அறிக்கையை நாக்குக்கு அனுப்ப வேண்டும், ஏ.க்யூ.ஏ.ஆர். என்று அழைக்கப்படும் அந்த அறிக்கையும், தன்மதிப்பீட்டு அறிக்கையும் கல்லூரி இணையதளத்தில் ஐ.க்யூ.ஏ.சி. என்ற பக்கத்தில் இருக்கும். பெற்றோர் யாரும் அதைத் திறப்பதில்லை. முழுநேர ஆசிரியர் எத்தனை பேர், அவர்களில் முனைவர் பட்டம் பெற்றவர் எத்தனை பேர், இறுதியாண்டில் எத்தனை பேர் தேர்வு எழுதி எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குச் சென்றார்கள் என்பதெல்லாம் அதில் எண்களாக இருக்கின்றன. அடுத்தடுத்த மூன்று ஆண்டு அறிக்கைகளை எடுத்து, ஒரே ஆசிரியர் பெயர் மூன்றிலும் வருகிறதா என்று பாருங்கள். சுயநிதிக் கல்லூரிகளில் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவார்கள். அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் காலியாக இருந்து கௌரவ விரிவுரையாளர்களே பாடம் நடத்துவதுண்டு. கௌரவ விரிவுரையாளர்களில் மிக நல்ல ஆசிரியர்களை நான் அறிவேன், குறைந்த ஊதியத்தில் அவர்கள் செய்யும் பணிக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது. ஆயினும் உங்கள் பிள்ளையை முதலாண்டில் அறிந்த ஆசிரியர் மூன்றாம் ஆண்டிலும் அங்கே இருப்பாரா என்று கேட்பது நியாயமான கேள்விதான். துறையில் மூன்றே ஆசிரியர்கள் இருக்கும் சிறிய கல்லூரியில் ஒருவர் ஓய்வு பெற்றாலே துறையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

நேரில் போவது வகுப்பு நடக்கும் ஒரு வேலைநாளில் இருக்கட்டும். அட்மிஷன் மேசையில் இருப்பவர்களை விட, பிற்பகலில் மரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அதிகம் சொல்லுவார்கள். 'கல்லூரி எப்படி?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். அதனால் கேள்வியைச் சிறிதாக்குங்கள். போன வாரம் எத்தனை வகுப்பு நடக்காமல் போயிற்று? முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தீர்கள், இப்போது வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? பாடம் புரியாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இந்த நான்கு கேள்விக்கு மூன்று மாணவர்கள் தனித்தனியாகச் சொன்ன விடைகள் ஒத்துப்போனால் அதை நம்பலாம். கடைசிக் கேள்விக்கு, 'ஒரு அக்கா அழகப்பாவில் எம்.எஸ்சி., ஒரு அண்ணன் திருப்பூரில் வேலை, இன்னொரு அக்கா பி.எட்.' என்று ஆளை வைத்துப் பதில் வந்தால், அந்தத் துறையில் ஒருவரையொருவர் அறிந்திருக்கிறார்கள் என்று பொருள். சிறிய கல்லூரியில் சேர்வதன் முதன்மைப் பயனே அதுதான். அது இல்லாவிட்டால் பெரிய கல்லூரியின் வசதிகளையாவது தேடிப் போகலாம்.

நூலகத்துக்கும் ஒரு பத்து நிமிடம் போய்வாருங்கள். உங்கள் பாடத்தின் அலமாரியில் ஒரு நூலை எடுத்து, பின்னட்டைக்குள் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். கடைசி முத்திரை எந்த ஆண்டு என்பதே போதும். தேதிகள் கணினியில் பதிவாகின்றன என்றால், என்-லிஸ்ட் என்ற மின்னூலகத் திட்டத்தில் உறுப்பினராகக் கல்லூரி இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். இருந்தால் மாணவர் வீட்டிலிருந்தபடியே ஆய்விதழ்களையும் மின்னூல்களையும் படிக்கலாம்.

ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் ஐந்தொகை

கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, கடல் கடந்து போன இடங்களிலிருந்து நம் செட்டிநாட்டு முன்னோர் அனுப்பிய கணக்கு, ஆண்டு முடிவில் ஐந்தொகை என்ற இருப்புக் கணக்காக ஒரே தாளில் திரண்டு நிற்கும். பெருந்தொழில் நடத்தியவர்களும் அந்த ஒரு தாளைப் பார்த்தே முடிவெடுத்தார்கள். அதே முறையில், ஒவ்வொரு கல்லூரிக்கும் மூன்றாண்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு.

அரசு உதவி பெறும் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தால், உங்களுக்குக் கிடைத்தது எய்டட் பிரிவா, செல்ஃப் பைனான்ஸ் பிரிவா என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரே வளாகம், ஒரே பெயர்ப்பலகை, சில பாடங்களில் ஒரே பட்டம். ஆனால் கட்டணம் பல மடங்கு வேறுபடும், ஆசிரியர்களுக்கு ஊதியம் தருபவரும் வேறு. 'உதவி பெறும் கல்லூரி' என்ற சொல்லைக் கேட்டுச் சேர்ந்துவிட்டு, இரண்டாம் பருவக் கட்டணச் சீட்டு வந்த பிறகு திகைத்த குடும்பங்கள் உண்டு.

தாளில் எழுத வேண்டியவை: ஆறு பருவங்களின் கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், சீருடை, கல்லூரிப் பேருந்தோ விடுதியோ, மதிய உணவு. எதிர்ப்பக்கத்தில் வரவு. அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆதிதிராவிட, பழங்குடியின மாணவருக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. உதவித்தொகை விண்ணப்பங்களைக் கவனிக்க ஒரு பொறுப்பாளர் கல்லூரியில் இருக்கிறாரா, போன ஆண்டு மாணவருக்குப் பணம் எந்த மாதம் வந்தது என்பதைக் கேளுங்கள். திட்டம் ஒன்றே ஆனாலும் அலுவலகத்தின் சுறுசுறுப்பைப் பொறுத்துக் கைக்கு வரும் காலம் மாறுகிறது.

பயணத்துக்குத் தனி வரி வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில்தான். புறநகர்ப் பேருந்தில் இல்லை. ஆகவே கல்லூரிக்குப் போகும் வழியில் டவுன் பஸ் எத்தனை மணிக்கு, மாலையில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பது பணத்தையும் பாதுகாப்பையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது. நேரத்தையும் கணக்கில் சேருங்கள். ஒரு கல்லூரிக்குப் போய்வர மற்றதைவிட நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதலாகும் என்று வைத்துக்கொள்வோம். பருவத்துக்கு 90 வேலைநாள் என்றால் ஆண்டுக்கு 180 நாள். மூன்றாண்டில் 810 மணி நேரம் சாலையில் போகிறது. ஒரு போட்டித் தேர்வுக்குப் படித்து முடிக்கக்கூடிய நேரம் அது. தொலைவில் உள்ள துறை அவ்வளவு சிறந்ததாக இருந்தால் அந்த 810 மணி நேரத்தைக் கொடுக்கலாம், அல்லது விடுதியில் சேர்க்கலாம். ஆனால் பெயருக்காக மட்டும் கொடுக்கக்கூடாது.

ஊர் தருவது

சிறிய கல்லூரி எல்லாவற்றையும் தன் மதிலுக்குள் வைத்திருக்க முடியாது. அது எந்த ஊரில் இருக்கிறது என்பதும் கல்வியில் சேர்த்தி. அழகப்ப செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். பின்னர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் அது திறக்கப்பட்டது. வேதியியல், இயற்பியல் படிக்கும் மாணவர், தம் துறை அந்த ஆய்வகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்கிறதா, அங்கிருந்து யாரையாவது உரையாற்ற அழைக்கிறதா என்று கேட்க வேண்டும். இவ்வளவு அருகில் இப்படி ஒரு நிறுவனம் இருந்தும் மூன்றாண்டில் ஒரு முறைகூட அதன் வாசலை மிதிக்காமல் பட்டம் பெற்றவர்களைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன். தமிழ் படிப்பவருக்கு, சா. கணேசன் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் பங்குனி விழா இருக்கிறது; தமிழறிஞர் வ.சுப. மாணிக்கனார் பிறந்த மேலைச்சிவபுரிக்குச் சன்மார்க்க சபையின் தமிழ் மரபு இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஒருவராகச் சேர்த்த நூல்கள் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. இவற்றையெல்லாம் மாணவருக்குக் காட்டும் துறையா, காட்டாத துறையா என்பதுதான் கேள்வி.

கருத வேண்டாதவை

கட்டடத்தின் உயரம், நாளிதழ் விளம்பரத்தின் அளவு, சேரும் நாளில் தரும் பை, ஆண்டு விழாவுக்கு வந்த நடிகர். வேலைவாய்ப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்க்கலாம். ஆனால் அவற்றில் எத்தனை பேர் உங்கள் துறையினர், எந்த ஆண்டினர் என்று கேட்டுவிட்டுப் பாருங்கள். நாக் தரக்குறியும் முழுக் கல்லூரிக்கும் தரப்படுவது. எந்த ஆண்டு வரை செல்லும் என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டாம்.

மகளிர் கல்லூரியா, இருபாலர் கல்லூரியா என்ற பேச்சு நம் வீடுகளில் பெரும்பாலும் பெண்ணைக் கேட்காமலே நடக்கிறது. அப்பத்தா சொல்வதிலும் அப்பா சொல்வதிலும் அக்கறை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு பெண், 'எனக்குப் பிடித்த துறை அந்தக் கல்லூரியில்தான் இருக்கிறது' என்று சொன்னால், அவள் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துவிட்டு வந்தாளா என்று மட்டும் கேளுங்கள். பார்த்துவிட்டு வந்தவளாக இருந்தால் அவள் பேச்சுக்கே முதலிடம் கொடுங்கள். மகளிர் கல்லூரியில் துறை வலுவாக இருந்து, பெண்ணும் விரும்பினால் அதுவே நல்ல இடம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இரண்டும் சமமாகவே இருந்தால், பிள்ளையை மறுபடி இரண்டு துறைக்கும் தனியாக அனுப்பி, துறைத் தலைவரிடம் 'நான் இங்கே சேர நினைக்கிறேன்; முதல் பருவத்தில் எந்தத் தாள் கடினமாக இருக்கும்?' என்று கேட்கச் சொல்லுங்கள். பெற்றோர் வெளியே நிற்கட்டும். ஒருவர் இரண்டு நிமிடம் ஒதுக்கி, எந்தத் தாள், அதற்கு இப்போதே என்ன படிக்கலாம் என்று சொல்லுவார். இன்னொருவர் 'அதெல்லாம் சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம்' என்று அனுப்பிவிடுவார். என் தம்பி மகளுக்கு அந்தப் பழைய மேசைக் கல்லூரியில் ஒரு நூலின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். சேர்வதற்கு முன்பே அதை வாங்கிவிட்டாள்.

முடிவெடுத்த அன்றே மற்றக் கல்லூரிகளுக்கு எழுதிவிடுங்கள். சேர்க்கை எண், பாடம், விலகும் தேதி, கட்டிய தொகை, வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றோடு முதல்வர் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம். நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்க வேண்டும், மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். கட்டணம் திரும்பி வருவது அந்தத் தேதியைப் பொறுத்தது. நீங்கள் விட்டுக்கொடுக்கும் இடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் ஒரு பிள்ளை இருக்கிறது. கடிதம் ஒரு வாரம் முந்திப் போனால் அந்தப் பிள்ளை முதல் நாள் வகுப்பிலேயே உட்கார்ந்துவிடும்.